ஐம்பத்தாறு என்று பெயர் வைத்தவருக்கு

மதிப்பிற்குரிய தக்கானோ சதயோஷி ஐயா அவர்களுக்கு,

வணக்கம். நீங்கள் 1913இல் கண்ணை மூடினீர்கள். பின்னாளில் ஜப்பான் கடற்படையின் தளபதியான உங்கள் ஆறாவது மகனுக்கு நீங்கள் வைத்த பெயர் அதற்குப் பிறகு எங்கெங்கே போய் வந்தது என்று உங்களுக்கு எழுத யாருக்கும் தோன்றியிருக்காது. எனக்குத் தோன்றியது. பெயர்களைப் பற்றிப் படிப்பதில் எனக்கு ஒரு கிறுக்கு உண்டு. அந்தக் கிறுக்கில் எத்தனையோ பெயர்களைக் கடந்து வந்திருந்தாலும், உங்கள் வீட்டுப் பெயரை மட்டும் அப்படித் தாண்டிப் போக முடியவில்லை.

1884 ஏப்ரல் 4 அன்று நகவோக்காவில் அந்தப் பிள்ளை பிறந்தபோது உங்களுக்கு வயது ஐம்பத்தாறு. ஐந்து, பத்து, ஆறு என்று மூன்று எழுத்துகளை வரிசையாக எழுதினீர்கள். இசோரொக்கு. வேலை முடிந்தது!

பிள்ளைக்கு எண்ணைப் பெயராக வைப்பது உங்கள் ஊரில் புதிதல்ல என்பது தெரியும். இச்சிரோ தலைமகன், ஜிரோ இரண்டாமவன், சபுரோ மூன்றாமவன். கோரோ, ரொக்குரோ, ஹச்சிரோ என்று வீட்டில் பிள்ளைகள் இருக்கும் வரை வரிசை நீளும். பத்தையும் தாண்டினால் யோஇச்சி: பத்துக்கு மேல் ஒன்று மிச்சம். 1185இல் யாஷிமா கடற்போரில் படகின் மேல் நட்டிருந்த விசிறியை ஒரே அம்பில் வீழ்த்திய நாசு நோ யோஇச்சி அப்படிப் பதினோராவதாகப் பிறந்தவர் என்பார்கள். அந்த வழக்கப்படி உங்கள் ஆறாம் பிள்ளை ரொக்குரோ ஆகியிருக்க வேண்டும். ஆறு என்னவோ பெயருக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. ஆனால் நீங்கள் எண்ணியது பிள்ளைகளை அல்ல, உங்கள் வயதை.

அதிலும் உங்கள் காலத்துக் கணக்கே வேறு. பிறந்த உடனே ஒரு வயது, ஒவ்வொரு புத்தாண்டுக்கும் இன்னொன்று. அந்தக் கணக்கில் ஐம்பத்தாறு என்றால், பிறந்தநாளை வைத்து எண்ணும் இன்றைய கணக்கில் ஐம்பத்து நான்கோ ஐம்பத்தைந்தோதான் வரும். சட்டம் 1902லேயே மாறிவிட்டது. மக்கள் மாறவில்லை. கடைசியில், இனிமேல் பிறந்தநாள் கணக்கிலேயே வயதைச் சொல்லுங்கள் என்று 1950இல் இன்னொரு சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது.

பெயரின் உச்சரிப்புக்கு வருகிறேன். ஐம்பத்தாறை இன்று ஜப்பானில் யாரிடம் காட்டினாலும் கோஜூரொக்கு என்றுதான் படிப்பார்கள். அது சீனத்திலிருந்து வந்த எண் வழக்கு. நீங்கள் எடுத்தது மண்ணின் பழைய எண். அதில் முப்பது மிசோ, நாற்பது யொசோ, ஐம்பது இசோ. இந்த வழக்கு முழுவதும் செத்துவிடவில்லை. டிசம்பர் 31ஐ இன்றும் ஓமிசோக்கா என்கிறார்கள். மிசோக்கா என்றால் முப்பதாம் நாள், அதாவது மாதக் கடைசி. ஐம்பதைத் தொட்டவரை இசோஜிக்கு வந்துவிட்டார் என்பார்கள். ஆனால் உங்கள் பெயரில் ஒரு வேடிக்கை இருக்கிறது. பழைய எண்ணிலேயே போயிருந்தால் ஆறு மு என்று வந்திருக்கும். நீங்களோ ஐம்பதுக்குப் பழையதையும் ஆறுக்குச் சீனத்து ரொக்குவையும் வைத்துவிட்டீர்கள். பெயர் பாதி நாட்டுச் சரக்கு, பாதி இறக்குமதி. காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது.

உங்கள் எச்சிகோ நாட்டுக்காரர்களுக்கு ஐம்பதை இ என்று படிப்பது பழகிய விஷயம். இன்று நீகாட்டா என்று வழங்கும் அந்த மாகாணத்தில் தெருவுக்குத் தெரு இகராஷிகள். ஐம்பது, புயல் என்று எழுதி இகராஷி என்று படிக்கும் குடும்பப் பெயர் அது. சான்ஜோ ஊர் வழியாக ஓடி ஷினானோ ஆற்றில் கலக்கும் இக்கராஷி ஆற்றுக்கும் அதே எழுத்துகள்தான். எங்கள் சாலைகளில் ஓடும் இசுஸு வண்டிகளின் பெயரிலும் இந்த ஐம்பது ஒளிந்திருக்கிறது. ஐம்பது மணிகள் என்று எழுதி இசுஸு என்று படிக்கிறார்கள். இசே கோயிலை ஒட்டி ஓடும் ஆற்றின் பெயர் அது. வண்டிக்கு முன்பே அந்தப் பெயர் ஒரு போர்க்கப்பலுக்கு இருந்தது. 1928இல் அந்த இசுஸு கப்பலுக்குக் கேப்டனாகப் போனது யார் தெரியுமா? உங்கள் பிள்ளை. ஐம்பது மணிகளின் மேல்தளத்தில் ஐம்பத்தாறு!

எண் அவரை விடவே இல்லை. 1905 மே 27, ரஷ்யாவுடன் சுஷிமா கடற்போர். நிஷின் கப்பலில் இருந்த அவருக்கு இடது கையில் இரண்டு விரல்கள் போயின. அது உங்களுக்குத் தெரியும். பின்னாளில் டோக்கியோ ஷிம்பாஷியின் கெய்ஷாக்கள், அதாவது விருந்துகளில் ஆடிப் பாடும் பெண்கள், அவருக்கு எண்பது சென் என்று பட்டப்பெயர் வைத்த கதை உங்களுக்குத் தெரிந்திருக்காது. நகம் திருத்த விரலுக்குப் பத்து சென், பத்து விரலுக்கு ஒரு யென். இவருக்கு இருந்ததோ எட்டு விரல்தான்.

இனி நீங்கள் பார்க்காமல் போனவை. உங்கள் குடும்பப் பெயர் அவரோடு நிலைக்கவில்லை. 1868 உள்நாட்டுப் போரில் உங்கள் நகவோக்கா தோற்றபோது உயிரை விட்ட தலைமை அதிகாரி யமமோட்டோ தத்தேவாக்கியின் வீட்டுக்கு வாரிசு இல்லை. அந்த வீட்டுப் பெயரைத் தாங்க, கடற்படை அதிகாரியாக வளர்ந்து நின்ற உங்கள் மகனை 1916இல் தத்துக் கொடுத்தார்கள். தக்கானோ போய் யமமோட்டோ வந்தது. நீங்கள் கொடுத்ததில் எஞ்சியது அந்த மூன்று எழுத்துகள் மட்டுமே.

நீங்கள் இறந்த 1913இல் ஜப்பானில் ஆண் குழந்தைகளுக்கு எந்தப் பெயர் அதிகம் வைக்கப்பட்டது என்று தேடிப் பார்த்தேன். மெய்ஜி யசுதா என்ற காப்பீட்டு நிறுவனம் தன் வாடிக்கையாளர்களின் பெயர்களை வைத்து 1912இல் பிறந்தவர்களிலிருந்து ஆண்டுவாரியாகப் பட்டியல் போட்டிருக்கிறது. 1912இல் முதலிடம் ஷோஇச்சி. 1913இல் ஷோஜி. 1914இல் ஷோசோ. புதிய சக்கரவர்த்தியின் தைஷோ ஆண்டுக் கணக்கிலிருந்து ஷோ என்ற எழுத்தை எடுத்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று ஆண்டின் எண்ணைப் பின்னால் ஒட்டிவிட்டார்கள். அடுத்த சக்கரவர்த்தியின் ஷோவா கணக்கில் இரண்டாம் ஆண்டான 1927இலும் எழுத்தை மாற்றி இன்னொரு ஷோஜி முதலிடத்துக்கு வந்தது. ஆக, எண்ணைப் பெயராக்கும் ஆசை உங்களுக்கு மட்டும் இல்லை. ஊர் முழுக்க சக்கரவர்த்தியின் ஆண்டை எண்ணியது. நீங்கள் உங்கள் ஆண்டை எண்ணினீர்கள்.

உங்கள் பெயர் அரிதாகவே இருந்ததற்குக் காரணமும் இதுதான் என்பது என் முடிவு. தலைமகன் எல்லா வீட்டிலும் பிறப்பான், அதனால் இச்சிரோ ஊரெல்லாம் இருப்பான். சக்கரவர்த்தியின் ஆண்டு எல்லோருக்கும் ஒன்று, அதனால் ஷோஜிகள் கும்பலாக வருவார்கள். ஐம்பத்தாறு வயதில் தகப்பனாகி, அதை வெளியே சொல்லவும் கூச்சப்படாத ஆள் எத்தனை பேர் கிடைப்பார்கள்? உங்கள் மகனே அந்த வழியில் போகவில்லை. 1922இல் அவருக்குத் தலைமகன் பிறந்தபோது வயதை எண்ணிக்கொண்டிருக்காமல் யோஷிமாசா என்று, அறம், நேர்மை என்ற எழுத்துகளை வைத்தார். எல்லாத் தகப்பன்களும் செய்வது அது. பிள்ளை இப்படி ஆக வேண்டும் என்று பெயரிலேயே ஒரு வேண்டுகோளைச் சேர்த்துவிடுவது.

நீங்கள் எதையும் வேண்டவில்லை. இன்ன வயதில் இவன் வந்தான் என்று குறித்து வைத்தீர்கள், அவ்வளவுதான். அதனால்தான் உங்கள் மேல் எனக்கு இந்தப் பிரியம்.

1939ஐப் பாருங்கள். உங்கள் கணக்குப்படி அந்த ஆண்டு உங்கள் மகனுக்கு ஐம்பத்தாறு. பெயரில் சுமந்துகொண்டிருந்த வயதை அவரே எட்டிய அந்த ஆகஸ்டில்தான் கூட்டுக் கடற்படையின் தலைமைத் தளபதி ஆனார். இரண்டு ஆண்டு கழித்துப் பெர்ல் ஹார்பர் தாக்குதல். அவர் திட்டம்தான்.

1942 ஏப்ரல் 4 அன்று அவருக்குப் பிறந்தநாள் கணக்கில் ஐம்பத்தெட்டு முடிந்தது. மறுநாள் ஈஸ்டர் ஞாயிறு. அவர் தலைமைக்குக் கீழ் இருந்த கப்பல்களிலிருந்து கிளம்பிய விமானங்கள் கொழும்பில் குண்டு போட்டன. 6ஆம் தேதி விசாகப்பட்டினம், காக்கிநாடா. 9ஆம் தேதி திருகோணமலை. அடுத்தது சென்னைதான் என்று ஊரே நடுங்கியது. அரசு அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்கு மாறின. குண்டு விழுந்தால் கூண்டை உடைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும் என்று மிருகக்காட்சி சாலையின் கொடிய விலங்குகளைச் சுட்டுக் கொன்றார்கள். வீட்டைப் பூட்டிக்கொண்டு சொந்த ஊருக்கு ரயிலேறிய சனத்துக்கு ஜப்பான்காரன் வருகிறான் என்பது மட்டும் தெரியும். அந்தக் கடற்படைக்குத் தலைவர் ஒரு தகப்பனின் வயதைப் பெயராகக் கொண்டவர் என்று தெரிந்திருந்தாலும் யாருக்கும் சிரிப்பு வந்திருக்காது. இந்தக் கடிதத்தில் உங்கள் மகனை நான் கொண்டாடவில்லை, ஐயா. பெயரைப் பற்றி மட்டும்தான் பேச வந்தேன்.

போர் நடந்த அந்த ஆண்டுகளில் குழந்தைகளுக்கு இசோரொக்கு என்று வைத்துத் தள்ளியிருப்பார்கள் என்று நினைப்பீர்கள். பட்டியலின் உச்சியில் அது இல்லை. 1942 முதல் 1944 வரை முதலிடத்தில் நின்ற பெயர் மசாரு. வெற்றி கொள் என்று பொருள். தொட்டிலில் கிடக்கும் பிள்ளையின் தலையில் ஒரு தேசத்தின் வேண்டுகோள்! 1946இல் முதலிடம் மினோருவுக்கு. கதிர் முற்றுவது, விளைவது. பசியோடு இருந்த நாடு என்னத்தை வேண்டும்?

உங்கள் மகன் அதைப் பார்க்கவில்லை. அவருடைய பயண விவரம் ஐந்து இலக்க எண்களாக மாற்றி அனுப்பிய ரகசியச் செய்தியில் போனது. அமெரிக்கர்கள் அந்த எண்களைப் படித்துவிட்டார்கள். 1943 ஏப்ரல் 18 அன்று பூகன்வில் தீவின் மேல் அவர் விமானம் சுடப்பட்டது. அதன் இடது இறக்கை நகவோக்காவிலேயே, அவர் பெயரில் இருக்கும் நினைவகத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. நீங்கள் குடியிருந்த வீட்டின் இடம் இப்போது பூங்கா. 1945 ஆகஸ்ட் 1 இரவு உங்கள் ஊரே குண்டுகளில் எரிந்தது. 1,480க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்த நாளையொட்டி ஆண்டுதோறும் ஊரில் பெரிய வாணவேடிக்கை நடக்கிறது. பெர்ல் ஹார்பர் இருக்கும் ஹோனலூலு 2012 முதல் நகவோக்காவுக்குச் சகோதர நகரம்.

இன்றைய நிலவரத்தையும் சொல்லிவிடுகிறேன். பெயருக்கு இன்ன எழுத்துகள்தான் ஆகும் என்று போருக்குப் பிறகு அரசு பட்டியல் போட்டது. ஐந்துக்கும் பத்துக்கும் ஆறுக்கும் அதில் எந்தத் தடையும் இல்லை. 2025 மே 26 முதல் குடும்பப் பதிவேட்டில் பெயரை எப்படிப் படிப்பது என்பதையும் பதிய வேண்டும், அந்த உச்சரிப்பு பொதுவில் ஏற்கத்தக்கதாக இருக்க வேண்டும் என்று சட்டம் வந்திருக்கிறது. கண்டபடி உச்சரிப்பு வைக்கும் பெற்றோர்களுக்குக் கடிவாளம் அது. இசோரொக்குவுக்கு அந்தக் கவலையும் இராது. அதை எப்படிப் படிப்பது என்று ஜப்பான் முழுக்கத் தெரியும், ஒரே ஒருவரால். அந்த ஒருவர்தான் தடையும். யார் வைத்தாலும் அது தளபதியின் பெயராகத்தான் காதில் விழும், எந்தத் தகப்பனின் வயதாகவும் விழாது. ஹருத்தோ, மினத்தோ என்று வெயிலும் துறைமுகமுமாகப் பெயர் வைக்கும் காலத்தில் அவ்வளவு பாரத்தைப் பிள்ளை மேல் ஏற்ற யாருக்குத் துணிச்சல் வரும்?

பேஸ்பால் வீரர் இச்சிரோவைப் பற்றியும் ஒரு வார்த்தை. உலகமே அறிந்த அந்த இச்சிரோ வீட்டில் இரண்டாவது மகன். இரண்டாமவனுக்கு ஒன்று என்று பெயர்! உங்களைப் போலவே ஊர்க் கணக்கை மதிக்காத தகப்பன் இன்னொருவர் இருந்திருக்கிறார். உங்களுக்கும் அவருக்கும் ஒத்துப் போயிருக்கும் என்று படுகிறது.

இப்படிக்கு,
தன் பெயருக்கு என்ன அர்த்தம் என்று சொந்தத் தகப்பனிடம் இதுவரை கேட்டிராத ஒரு வாசகன்