எட்டாவது ஆளை விற்காதீர்கள்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துப் போட்டியான என்.பி.ஏ. பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். கூடைப்பந்துக்குத் தமிழில் இரண்டு பக்கம் கிடைப்பதே அபூர்வம், அதற்கு முதலில் நன்றி. இறுதிச் சுற்று நடக்கும் ஜூன் மாதத்தில் காலை 6 மணிக்கே எழுந்து செல்போனில் ஆட்டம் பார்ப்பவர்கள் கிருஷ்ணகிரியிலும் இருக்கிறோம்.

ஆனால் கட்டுரை சொன்ன யோசனை எனக்கு ஒப்பவில்லை. ஒரு பெரிய நட்சத்திரம் அணிக்கு வந்துவிட்டால், மீதி இருக்கும் நல்ல ஆட்களையும் வருங்கால டிராஃப்ட் வாய்ப்புகளையும் (புதிய இளம் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் முறை) கொடுத்து உடனே இரண்டாவது நட்சத்திரத்தையும் வாங்கிவிட வேண்டும் என்று எழுதியிருந்தது. களத்தில் ஆடுவது ஐந்து பேர்தான் என்றாலும், பெஞ்சிலிருந்து வரும் எட்டாவது ஆளையும் விட்டுவிடக் கூடாது என்பது என் கட்சி. ஃபீனிக்ஸ் அணி அப்படியேதான் செய்தது. 2023 பிப்ரவரியில் கெவின் டுரான்ட்டை வாங்க மிகல் பிரிட்ஜஸ், கேம் ஜான்சன் என்ற இரண்டு அருமையான ஆட்டக்காரர்களையும், கூடவே நான்கு முதல் சுற்று டிராஃப்ட் வாய்ப்புகளையும் கொடுத்தார்கள். நான்கே மாதத்தில் பிராட்லி பீலும் வந்தார். டுரான்ட், ஏற்கெனவே அணியில் இருந்த புக்கர், பீல் என்று பெயர்களைப் படித்தாலே மலைப்பாக இருக்கும். முதல் முழு சீசனில் பிளே-ஆஃப் முதல் சுற்றில் ஓர் ஆட்டம்கூட ஜெயிக்காமல் வெளியேறினார்கள். அடுத்த சீசனில் 82 ஆட்டங்களில் 36 வெற்றி, பிளே-ஆஃபுக்கே போகவில்லை. 2025 கோடையில் டுரான்ட் ஹூஸ்டனுக்குப் போய்விட்டார், பீலின் ஒப்பந்தத்தையும் பாதியில் முடித்துக்கொண்டார்கள்.

காரணம் எளிது. அங்கே ஓர் அணியில் முழு ஒப்பந்தத்தில் 15 பேர்தான் இருக்க முடியும். சம்பளத்துக்கு வரம்பு உண்டு. 2023-ல் வந்த புதிய ஒப்பந்த விதிகளின்படி, சம்பளம் மிக உயர்ந்த கட்டத்தைத் தாண்டிய அணி, இரண்டு பேரின் சம்பளத்தைச் சேர்த்துக் காட்டி ஒரு பெரிய ஆளை வாங்க முடியாது. கொடுப்பதைவிட அதிக சம்பளத்தையும் வாங்கிக்கொள்ள முடியாது. மூன்று பேருக்கே பணமெல்லாம் போய்விட்டால், மற்ற இடங்களைக் குறைந்தபட்சச் சம்பளத்துக்கு வருகிறவர்களை வைத்துத்தான் நிரப்ப வேண்டும். தப்பு என்று தெரிந்த பிறகு திருத்திக்கொள்ளவும் வழி இருக்காது.

லேக்கர்ஸ் அணியின் கதை வேறு மாதிரி. 2025 பிப்ரவரியில் லூகா டான்சிச் வந்தார், அவருக்காக உயரமான அந்தோணி டேவிஸைக் கொடுத்தார்கள். கூடைக்கு அடியில் நிற்க உயரமான ஆள் வேண்டுமே என்று சார்லட் அணியிலிருந்து மார்க் வில்லியம்ஸை வாங்கினார்கள். மருத்துவப் பரிசோதனையில் சரிவரவில்லை என்று ஆட்களை மாற்றிக்கொள்ளும் அந்த ட்ரேடை ரத்து செய்தார்கள். அந்த ஓட்டை அப்படியே இருந்தது. பிளே-ஆஃபில் மினசோட்டாவுடன் நான்காவது ஆட்டத்தின் இரண்டாம் பாதி முழுக்க ஒரே ஐந்து பேரை மாற்றாமல் ஆட வைத்தார் பயிற்சியாளர். கடைசிக் குவார்ட்டரில் அவர்கள் கால்கள் நின்றுவிட்டதை நான் பார்த்தேன். ஐந்தாவது ஆட்டத்தில் மினசோட்டாவின் ரூடி கோபேர் 27 புள்ளி எடுத்து, கூடையில் விழாமல் திரும்பும் பந்தை 24 முறை பிடித்து (ரீபவுண்டு) லேக்கர்ஸின் கணக்கை முடித்தார்.

நட்சத்திரங்களைச் சேர்த்த கோல்டன் ஸ்டேட் அணி ஜெயிக்கவில்லையா என்று கேட்பீர்கள். ஜெயித்தது. 2016-ல் டுரான்ட்டுக்கு இடம் செய்ய ஹாரிசன் பார்ன்ஸ், ஆண்ட்ரூ போகட் எல்லோரையும் விட்டார்கள். ஆனால் 2015 இறுதிச் சுற்றின் சிறந்த ஆட்டக்காரரான இகுடாலாவை விடவில்லை, அவர் பெஞ்சிலிருந்தே வந்தார். போகட் போன இடத்துக்கு ஸ்க்ரீன் வைக்க, அதாவது எதிராளியை உடம்பால் மறித்துத் தன் அணிக்காரருக்கு வழி செய்யத் தெரிந்த பச்சுலியாவைக் குறைந்த பணத்துக்குப் பிடித்தார்கள். போன ஒவ்வொருவருடைய வேலையையும் யார் பார்ப்பது என்று முன்பே யோசித்திருந்தார்கள். மியாமி அணிக்கும் இதுதான். 2013 இறுதிச் சுற்றின் ஆறாவது ஆட்டத்தில் 5.2 வினாடி மிச்சமிருக்கும்போது அந்த த்ரீ பாயிண்டரைப் போட்டு அணியைக் காப்பாற்றியது அதன் நட்சத்திரங்களான லெப்ரானோ வேடோ அல்ல, பெஞ்சிலிருந்து வந்த ரே ஆலன்.

நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. சில வருடங்களுக்கு முன் ஒரு கோடைப் போட்டிக்காக எங்கள் ஊர் அணிக்குப் பெங்களூரிலிருந்து ஆறரை அடி உயர ஆட்டக்காரர் ஒருவரை அழைத்து வந்தோம். பட்டியலில் 12 பேருக்குத்தான் இடம். யாரை எடுப்பது? பர்கூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து பயிற்சி எடுக்கும் பையன் ஒருவன் இருந்தான். குட்டையான உடம்பு, புள்ளி எடுக்க மாட்டான். ஆனால் எதிரணி முழுக் கோர்ட்டிலும் மறித்தாலும் பந்தைத் தட்டிக்கொண்டு தாண்டி வந்துவிடுவான். அவன் பெயரைத்தான் அடித்தோம். கை தூக்கியவர்களில் நானும் ஒருவன்.

அரையிறுதியில் எதிரணி முதல் நிமிடத்திலிருந்தே முழுக் கோர்ட்டையும் மறித்தது. விதிப்படி எட்டு வினாடிக்குள் பாதிக் கோட்டைத் தாண்ட எங்களால் முடியவில்லை. பந்தே போய்ச் சேராவிட்டால் ஆறரை அடி உயரம் எதற்கு? பாவம், அவரே பின்னால் ஓடி வந்து பந்தை வாங்கினார். மூச்சு வாங்கியது, கை தாமதமானது, ஃபவுல் மேல் ஃபவுல். கடைசிக் குவார்ட்டரில், ஆட்டத்தை விட்டே வெளியேற்றும் ஐந்தாவது ஃபவுலுக்கு விசில் ஊதியபோது அவரே பெஞ்சைப் பார்த்து நடந்தார். நான் திரும்பிப் பார்த்தேன். பர்கூர் பையன் கேலரிப் படியில் உட்கார்ந்திருந்தான். பேண்ட்டை முழங்கால்வரை மடித்துவிட்டிருந்தான், கணுக்காலில் பேண்டேஜ் சுற்றியிருந்தது. ஆட மாட்டோம் என்று தெரிந்தும் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறான். அந்தப் பேண்டேஜ் இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. அடுத்த வருடம் அவன் ஓசூரில் வேறு அணிக்குப் போய்விட்டான். நாங்கள் தடுக்கவில்லை, தடுக்க எங்களுக்கு முகமும் இல்லை.

வெளியூர் ஆட்டக்காரரை அழைக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. நல்ல ஆட்டக்காரர் பக்கத்தில் நின்று ஆடினால் நம் பையன்களும் கற்றுக்கொள்வார்கள். அவர் வந்ததும் ‘இனி யாரை அனுப்பலாம்’ என்று கேட்கிறோமே, அதைத்தான் வேண்டாம் என்கிறேன். அவருக்குப் பந்து கொடுப்பது யார், அவர் உட்காரும் நேரத்தில் ஆடப் போவது யார் என்று கேட்டுவிட்டுப் பட்டியல் போடுங்கள். அடுத்த முறை ட்ரேடு பற்றி எழுதும்போது, வந்தவரின் படத்தோடு போனவர்கள் செய்த வேலையையும் நான்கு வரி எழுதுங்கள். எங்கள் ஊர் அணிகளை நடத்துகிறவர்களும் உங்கள் இதழைப் படிக்கிறார்கள்.

இந்த மாதக் கடைசியில் எங்கள் அணிக்கு 12 பேரைத் தேர்ந்தெடுக்கிறோம். இந்த முறையும் வெளியூரிலிருந்து ஒருவர் வருகிறார். பந்தைக் கொண்டுவரப் போகிற பையனின் பெயரை முதலில் எழுதுங்கள், அப்புறம் அவர் பெயரை எழுதலாம் என்று சொல்லியிருக்கிறேன். சரி என்றிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கிருஷ்ணகிரி.