எலும்பு முறிந்தவருக்கு முதல் பத்தியம் புகை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எலும்பு முறிந்தவர்களுக்கான உணவு பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஆட்டுக்கால் சூப், பிரண்டைத் துவையல், கேழ்வரகு, முட்டை என்று சேர்க்க வேண்டியவற்றை விரிவாகச் சொன்ன கட்டுரை, விலக்க வேண்டியவற்றைப் புளியோடும் வாழைக்காயோடும் முடித்துவிட்டது. முதலில் விலக்க வேண்டியது சிகரெட்டும் பீடியும். எலும்பு சேருவதைக் கெடுக்கும் காரணங்களில் வயது, சர்க்கரை நோய், அடிபட்ட வேகம் ஆகியவற்றை நோயாளியால் மாற்ற முடியாது. புகையை மாற்ற முடியும்.

எலும்பு உடைந்த இடத்தில் முதலில் ரத்தம் உறைந்து கட்டுகிறது. அடுத்த நாட்களில் அதற்குள் புதிய ரத்தக்குழாய்கள் முளைத்து நுழைய வேண்டும். இரண்டு மூன்று வாரங்களில் குருத்தெலும்பு போன்ற மெத்தென்ற இணைப்பு உருவாகி, பிறகு அதில் கால்சியம் படிந்து கெட்டியாகிறது. ரத்தக்குழாய்கள் வராவிட்டால் அந்தக் குருத்து எலும்பாக மாறாது. எத்தனை கால்சியம் மாத்திரை விழுங்கினாலும் அது போய்ச் சேர வழியில்லை. நிகோடின் சிறு ரத்தக்குழாய்களைச் சுருக்குகிறது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்கிறது. உள்ளே போனதில் பாதி வெளியேறவே நான்கைந்து மணி நேரம் ஆகும். அதற்குள் அடுத்த சிகரெட்டைப் பற்றவைத்தால், முறிந்த இடம் பகல் முழுவதும் ஆக்சிஜன் பற்றாக்குறையிலேயே கிடக்கும்.

இதில் மிக மோசமாகப் பாதிக்கப்படுவது முழங்காலுக்குக் கீழே உள்ள டிபியா எலும்பு. பைக் விபத்துகளில் அடிக்கடி உடைவதும் அதுதான். அதன் முன்பக்கத்தில் சதையே கிடையாது, தோலுக்கு அடியில் நேராக எலும்பு. கீழ்ப்பகுதியில் ரத்த ஓட்டம் இயல்பிலேயே குறைவு. அமெரிக்காவில், தோல் கிழிந்து டிபியா உடைந்து, காலையே இழக்கக்கூடிய நிலையில் வந்தவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்றின் முடிவுகள் 2005-இல் வெளியாயின. புகைப்பவர்களுக்கு எலும்பு சேரும் வாய்ப்பு, புகைக்காதவர்களைவிட 37 சதவீதம் குறைவாக இருந்தது. கிருமித்தொற்று இரு மடங்குக்கும் மேல். எலும்புக்குள்ளேயே சீழ் பிடிக்கும் ஆஸ்டியோமைலைட்டிஸ் 3.7 மடங்கு. இந்தச் சீழ் பிடித்தால் அழுகிய எலும்பைச் சுரண்டி எடுப்பது, பல வாரங்கள் ஆன்டிபயாடிக், மறுபடி ஆபரேஷன் என்று ஒரு குடும்பத்தின் ஓரிரு வருடங்கள் போய்விடும்.

நோயாளிகள் தவறாகப் புரிந்துகொள்ளும் ஒன்றையும் சொல்ல வேண்டும். காலுக்குள் வைத்த ராடோ, ஸ்க்ரூவோ ஆறேழு மாதத்தில் உடைந்துபோனால், "மட்டமான கம்பியை வைத்துவிட்டார்கள்" என்று மருத்துவமனை மீது கோபப்படுகிறார்கள். ராடு எலும்பை ஒட்ட வைப்பதில்லை. அது சேரும்வரை அசையாமல் பிடித்துக்கொள்வது மட்டுமே அதன் வேலை. எலும்பு சேராவிட்டால், ஒவ்வொரு அடியிலும் உடல் எடை முழுவதும் அந்த உலோகத்தின் மீது இறங்குகிறது. திரும்பத் திரும்ப வளைக்கப்படும் எந்த உலோகமும் ஒருநாள் களைத்து உடையும். அப்போது பழைய ராடை எடுத்து, இன்னும் தடிமனான ராடு போட வேண்டும்; தேவைப்பட்டால் இடுப்பெலும்பிலிருந்து எலும்பு எடுத்து முறிந்த இடத்தில் வைக்க வேண்டும். அந்த இரண்டாவது ஆபரேஷனுக்குப் பிறகும் புகைத்தால் அதே கதைதான்.

முதியவர்களுக்கு நிலைமை வேறு விதம். மாதவிடாய் நின்ற பெண்களில் புகைப்பவர்களின் எலும்பு அடர்த்தி, ஒவ்வொரு பத்தாண்டுக்கும் சுமார் 2 சதவீதம் கூடுதலாகக் குறைகிறது என்று 1997-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டுக் காட்டினார்கள். இடுப்பு முறியும் அபாயம் 60 வயதில் 17 சதவீதம் அதிகம். 80 வயதில் அது 71 சதவீதம்.

இனி நல்ல செய்தி. உடைந்த பிறகு நிறுத்தினாலும் பலன் உண்டு. அவசர ஆபரேஷன் செய்துகொண்ட புகைப்பவர்களுக்கு ஆறு வாரம் ஆலோசனையும் நிகோடின் மாற்று மருந்தும் கொடுத்துப் பார்த்த ஸ்வீடன் ஆய்வில் (2010), உதவி பெறாதவர்களில் 38 சதவீதம் பேருக்குச் சிக்கல் வந்தது. உதவி பெற்றவர்களில் 20 சதவீதம்தான். நாள் குறித்துச் செய்யும் இடுப்பு, முழங்கால் மூட்டு மாற்று ஆபரேஷன் என்றால் ஆறு முதல் எட்டு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். டென்மார்க்கில் அப்படிச் செய்தபோது (2002) சிக்கல்கள் 52 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தன.

நிறுத்துவதற்கு வார்டை விட நல்ல இடம் இல்லை. அடிபட்டுப் படுத்தவர் முதல் இரண்டு மூன்று நாட்கள் எப்படியும் புகைக்க முடியாது. தவிப்பு உச்சத்தில் இருப்பதும் அந்த நாட்களில்தான். அதைக் கடந்தவருக்கு, "பாவம், வலியோடு இருக்கிறான்" என்று நண்பர்கள் ஒளித்துக் கொண்டுவந்து தரும் ஒரு பாக்கெட் எல்லாவற்றையும் கெடுத்துவிடுகிறது. எண்ணிக்கையைக் குறைத்தால் போதும் என்பதும் சரியல்ல. பத்திலிருந்து மூன்றுக்கு வருபவர் ஒவ்வொன்றையும் ஆழமாக இழுத்து ஈடுகட்டிவிடுகிறார்.

தாங்க முடியாதவர்களுக்கு மருந்துக்கடையில் நிகோடின் சூயிங்கம் இருக்கிறது. காலையில் எழுந்த அரை மணி நேரத்துக்குள் முதல் சிகரெட் பிடிப்பவர்களுக்கு 4 மில்லிகிராம், மற்றவர்களுக்கு 2 மில்லிகிராம். சாதாரண சூயிங்கம் போல மென்றுகொண்டே இருந்தால் நிகோடின் வயிற்றுக்குள் போய் விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் வரும். காரம் தட்டும்வரை மெதுவாக மென்று, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வைக்க வேண்டும். காரம் குறைந்ததும் மறுபடி மெல்லலாம். ஒன்று அரை மணி நேரம் வரும். டீ, காபி குடித்த கால் மணி நேரத்துக்குள் போடக் கூடாது. வாயில் நிகோடின் சரியாக உறிஞ்சப்படாது. அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம். "சூயிங்கத்திலும் நிகோடின்தானே" என்று கேட்பார்கள். உண்மைதான், ஆனால் கார்பன் மோனாக்சைடு இல்லை. ஸ்வீடன், டென்மார்க் நோயாளிகளும் இத்தகைய மருந்துகளின் துணையோடுதான் விட்டார்கள். வாயில் அடக்கும் புகையிலைக்கு மாறுவது மாற்று ஆகாது.

மருத்துவமனைகளுக்கும் ஒரு வேண்டுகோள். "சிகரெட் பிடிப்பீர்களா" என்று மட்டும் கேட்டால் பீடி பிடிப்பவர் இல்லை என்றே சொல்வார். நம் நாட்டில் சிகரெட்டைவிடப் பீடி பிடிப்பவர்களே அதிகம் என்பதால் இரண்டையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் தையல் பிரிக்கும் தேதிக்கும் மாத்திரைக்கும் அடுத்த வரியாகப் புகை நிறுத்தத்தை எழுதுங்கள். ஆறாவது வார எக்ஸ்ரேக்கு வரும்போது அதைத் திரும்பக் கேளுங்கள்.

அடுத்த முறை இது போன்ற கட்டுரையை வெளியிடும்போது, புகையிலையை விட உதவும் மத்திய அரசின் கட்டணமில்லாத எண் 1800-11-2356-ஐயும் கட்டம் கட்டிப் போடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
எலும்பு முறிவு சிகிச்சை மருத்துவர் ஒருவர்,
திருச்சி