ஞாயித்துக்கிழமை பறவை பாக்கப் போறோம்

மக்களே, விடியக்காலை 5:45க்கு பார்க் கேட்ல இருந்துடுங்க, ஆறரைக்கு வந்துட்டு எங்க இருக்கீங்கன்னு போன் போடாதீங்க, வெளிச்சம் வர்ற அந்த நேரம்தான் பறவைங்க சத்தம் அதிகம், காத்தும் பெருசா இருக்காது, தூரத்துல கூப்பிடுறதுகூட தெளிவா கேக்கும். பளிச்னு சட்டை வேணாம். பைனாகுலர் 8×42 (எட்டு மடங்கு பெருசா காட்டும், முன் லென்ஸ் 42 மி.மீ.) போதும், 10× வாங்குனா கை நடுங்குறது அப்படியே தெரியும் (என்னைக் கேளுங்க). மெர்லின் ஆப் சத்தத்தை வச்சே பேர் சொல்லும், ஆனா கண்ணால பாக்காம நம்பிடாதீங்க. ஸ்பீக்கர்ல பறவை சத்தத்தைப் போட்டு வரவழைக்கிற வேலை மட்டும் வேணவே வேணாம், எல்லைக்குள்ள எதிரி பூந்துட்டான்னு நெனச்சு பாவம் அதுங்க அலையும். மரங்கொத்தி தட்டுற சத்தம் கேட்டா ஓடாம நின்னு பட்டுப்போன கிளையத் தேடுங்க. வர்றவங்க இன்னைக்கே சொல்லிடுங்க.