செயலாளரின் ஆண்டறிக்கை: 2023ஆம் ஆண்டு சேலஞ்ச் கோப்பைப் பருவம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, சங்கத்தின் அன்பார்ந்த உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

இங்கிலாந்தின் லீ நகரில், பதின்மூவர் ஆடும் ரக்பி வகையான ரக்பி லீக்கின் ஆதரவாளர்களாகிய நமது சங்கத்தின் 2023ஆம் ஆண்டு அறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். வழக்கமாக இவ்வறிக்கை சந்தா, பேருந்துப் பயணம் ஆகியவற்றில்தான் தொடங்கும். இம்முறை அவற்றைக் கடைசிக்குத் தள்ளியிருப்பதற்கு உங்களில் எவரும் மறுப்புச் சொல்லமாட்டீர்கள் என்று நம்புகிறேன். ஆகஸ்ட் 12ஆம் நாள் வெம்பிளி அரங்கில் ஹல் கிங்ஸ்டன் ரோவர்ஸ் அணியை 17-16 என்ற கணக்கில் வென்று, 52 ஆண்டுகளுக்குப் பின் நமது லீ லெப்பர்ட்ஸ் அணி, தோற்றவர் வெளியேறும் போட்டியான சேலஞ்ச் கோப்பையை ஊருக்குக் கொண்டுவந்தது. 1921, 1971 ஆகிய ஆண்டுகளுக்குப் பிறகு இது நமக்கு மூன்றாவது கோப்பை.

சென்ற ஆண்டு இரண்டாம் நிலைப் பிரிவில் ஆடி, மேல்வரிசையில் இல்லாத அணிகளுக்கான ‘1895 கோப்பை’ என்னும் கோப்பையை வென்று, உச்சப் பிரிவான சூப்பர் லீகுக்கு ஏறிவந்த அணி நம்முடையது. அதோடு செஞ்சுரியன்ஸ் என்ற பெயரை லெப்பர்ட்ஸ் (சிறுத்தைகள்) என்று மாற்றியபோது வெளியூரார் சிரித்தார்கள். சிறுத்தைத்தோல் அச்சிட்ட சட்டையைப் பார்த்து நம்மிலேயே முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள். அவர்களில் பலர் இப்போது அதே சட்டையை அணிந்து இக்கூட்டத்துக்கு வந்திருப்பதை இங்கிருந்தே காண்கிறேன்.

2023இல் சூப்பர் லீக் அணிகள் ஆறாம் சுற்றில்தான் போட்டிக்குள் நுழைந்தன என்பதால், கோப்பைக்கு நான்கே வெற்றிகள் போதுமாயிருந்தன. ஆனால் ஒன்றில் சறுக்கினாலும் அத்தோடு ஆண்டு முடிந்தது. ஆறாம் சுற்றில் வேக்ஃபீல்ட் டிரினிட்டியையும், காலிறுதியில் யார்க் நகருக்கே சென்று அவ்வூர் அணியை 34-14 என்றும் வென்றோம். அவற்றைப் பற்றி நீட்டிச் சொல்ல எதுவும் இல்லை.

அரையிறுதியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஜூலை 22ஆம் நாள் வாரிங்டனில் நம்மை எதிர்கொண்ட செயின்ட் ஹெலன்ஸ், 2019 முதல் 2022 வரை தொடர்ந்து நான்கு முறை சூப்பர் லீக் பட்டத்தை வென்றதோடு, 2023 பிப்ரவரியில் ஆஸ்திரேலியாவுக்குச் சென்று பென்ரித் அணியை அதன் மண்ணிலேயே 13-12 என்று வீழ்த்தி உலகக் கழக வாகையர் ஆன அணி. அவ்வணியை 12-10 என்று வென்றதே, என் கணிப்பில், இப்பருவத்தின் மிகப் பெரிய வெற்றி. கோப்பையைக் கையில் ஏந்திய நாளைவிட அந்த நாளில்தான் இந்த அணி எத்தகையது என்பது எனக்குப் புரிந்தது. மறுநாள் லீட்ஸில் நடந்த மற்றோர் அரையிறுதியில் ஹல் கிங்ஸ்டன் ரோவர்ஸ், விகன் அணியை 11-10 என்று, அதுவும் கூடுதல் நேரத்தில் ஒற்றைப் புள்ளி தரும் டிராப் கோல் உதையால், வென்றது. நமக்குக் காத்திருந்ததன் முன்னோட்டம் அது என்று அப்போது எவரும் எண்ணவில்லை.

இறுதிப் போட்டியில் நம் அணியின் டாம் பிரிஸ்கோ, பந்தை எதிரணியின் எல்லைக் கோட்டுக்கு அப்பால் தரையில் பதித்து ஒரு டிரை போட்டார். 2015ஆம் ஆண்டு இறுதியில் லீட்ஸ் அணிக்காக ஐந்து டிரை போட்டு இதே ஹல் கிங்ஸ்டன் ரோவர்ஸைக் கலங்கடித்தவர் அவர்தான் என்பதை மூத்த உறுப்பினர்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை. 78ஆம் நிமிடம் வரை 16-10 என்று முன்னணியில் இருந்தோம். வெற்றிப் பாட்டைத் தொடங்கிவிட்டவர்களில் நானும் ஒருவன். அப்போதுதான் எதிரணியின் மாட் பார்சல் டிரை போட, பிராட் ஷ்னைடர் டிரைக்குப் பின் கிடைக்கும் கூடுதல் உதையான கன்வெர்ஷனையும் உதைத்து 16-16 ஆக்கினார். 1954, 1982 ஆகிய ஆண்டுகளில் இறுதி சமநிலையில் முடிந்தபோது மற்றொரு நாளில் மறுபோட்டி வைத்தார்கள். இப்போதைய கோல்டன் பாயின்ட் விதிப்படி, கூடுதல் நேரத்தில் முதலில் புள்ளி எடுப்பவருக்கே கோப்பை. பந்தைத் தரையில் விட்டு, அது எழும் நொடியில் உதைத்துக் கம்பங்களுக்கு நடுவே அனுப்பும் டிராப் கோலுக்கு ஒரே ஒரு புள்ளிதான். 84ஆம் நிமிடத்தில் லாக்லன் லாம் அந்த ஒற்றைப் புள்ளியை எடுத்தார். சேலஞ்ச் கோப்பை இறுதி ஒன்று இவ்வாறு முடிவானது இதுவே முதல்முறை. ஆட்டத்தின் சிறந்த வீரருக்கான லான்ஸ் டாட் விருதும் அவருக்கே கிடைத்தது. பயிற்சியாளர் ஏட்ரியன் லாம் அவருடைய தந்தை என்பதால், அந்த உதை எழும்பியபோது தந்தையின் நெஞ்சு பட்ட பாட்டை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

1971 இறுதியில் காயம்பட்ட நம் அணித்தலைவர் அலெக்ஸ் மர்ஃபியைத் தூக்குப் படுக்கையில் ஏற்றிச் சென்றபோது, எல்லாம் நடிப்பு என்பதுபோல் அவர் கண்சிமிட்டினாரா இல்லையா என்று இவ்வூரில் அரை நூற்றாண்டாக வாதிட்டுக்கொண்டிருக்கிறோம். இனி வாதிக்க நமக்கு இன்னொரு ஆட்டமும் கிடைத்துவிட்டது.

அதே நாளில் பெண்கள் சேலஞ்ச் கோப்பை இறுதி முதன்முறையாக வெம்பிளியில் நடந்தது. அதில் செயின்ட் ஹெலன்ஸ் லீட்ஸை 22-8 என்று வென்றது. நம் உறுப்பினர்களில் பலர் அதற்கெனவே முன்கூட்டியே வந்திருந்தனர். வரும் ஆண்டுகளிலும் பயண நேரத்தை அதற்கேற்பவே அமைக்கச் செயற்குழு முடிவு செய்துள்ளது. சூப்பர் லீக்கில் நமது அணி ஐந்தாம் இடம் பிடித்தது. பின்னர் பட்டத்துக்கான பிளே-ஆஃப் சுற்றில் ஹல் கிங்ஸ்டன் ரோவர்ஸ் 20-6 என்று நம்மை வீட்டுக்கு அனுப்பிக் கணக்கைத் தீர்த்துக்கொண்டது.

இனிச் சங்க விவகாரம். லண்டன் வரை சென்ற பேருந்துகள் நேரம் தவறவில்லை. பக்கத்திலுள்ள வாரிங்டனுக்குச் செல்ல அமர்த்திய இரண்டாம் பேருந்து மட்டும் தாமதமாக வந்ததால், அதில் வந்தோர் அரையிறுதியின் தொடக்க நிமிடங்களைத் தவறவிட்டனர். அதற்கு நேரில் வருத்தம் தெரிவித்திருக்கிறேன்; இவ்வறிக்கையிலும் பதிவு செய்கிறேன். அடுத்த பருவம் முதல் பேருந்து வந்து சேர்ந்த பின்னரே வாடகையின் பாதியைச் செலுத்துவது என்னும் தீர்மானம் இன்று வாக்கெடுப்புக்கு வருகிறது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார்.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்