கேள்வி முடியும் முன்பே பதில் தெரிந்துவிடுகிற வியாதி

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிவிட்டது. தாமதத்துக்குக் காரணம் சோம்பல்தான், வேறு எதையும் சொல்லி மழுப்பப் போவதில்லை. உன் மகள் வேலையில் சேர்ந்துவிட்டாள் என்று படித்ததும் மனசு நிறைந்தது. எனக்குக் கண்ணாடி பவர் ஏறியிருக்கிறது. அதைத் தவிரப் புதிதாக ஒன்றும் இல்லை.

நீ ப்ராஜெக்ட் மேனேஜர்களுக்கான சான்றிதழ் தேர்வான பி.எம்.பி.க்குப் படிக்க உட்கார்ந்திருக்கிறாய் என்பதுதான் பெரிய செய்தி. "இருபது வருஷமா ப்ராஜெக்ட் ஓட்டறேன், மாக் டெஸ்ட்ல அறுபது தாண்டல" என்று புலம்பியிருந்தாய். சிரித்துவிட்டேன், மன்னித்துக்கொள். 2022-இல் நானும் இதே பள்ளத்தில் விழுந்து எழுந்தவன்தான். உன்னைக் கவிழ்ப்பதே அந்த இருபது வருஷம்தான். கேள்வியைப் பாதி படிக்கும்போதே கை பரபரக்கிறது, அடுத்து செய்ய வேண்டிய வேலை தெரிந்துவிடுகிறது. ஆனால் தேர்வு கேட்பது "முதலில் என்ன செய்வாய்?" என்பதை.

என் கதையைக் கேள். ஒரு மென்பொருள் ப்ராஜெக்ட், முடிய இரண்டு மாதம் இருந்தது. வாடிக்கையாளர் தரப்பில் ஒருவர் போன் பண்ணி, "ஒரு சின்ன பட்டன் சார், அழுத்தினா ரிப்போர்ட் டவுன்லோடு ஆகணும், அவ்வளவுதான்" என்றார். நல்ல மனுஷன், சரி என்றேன். பட்டன் வைக்க அரை நாள். அப்புறம்தான் அந்த ரிப்போர்ட்டை எல்லோரும் பார்க்கக் கூடாது என்று தெரிந்தது. யாருக்கு அனுமதி உண்டு என்று சரிபார்க்கும் பகுதியை எழுதினோம். அதனால் ஏற்கெனவே முடித்த டெஸ்டிங்கைத் திரும்பச் செய்தோம். மூன்று வாரம் போயே போச்சு. கடைசியில் அவருடைய மேலதிகாரி, "இதை யார் கேட்டது?" என்றார். காட்ட என்னிடம் ஒரு துண்டுச் சீட்டு கூட இல்லை.

மாக் டெஸ்டில் அச்சு அசலாக இதே கேள்வி வந்தது. "சிறிய வேலைதான், செய்து கொடுத்துவிடலாம்" என்பதைத்தான் அப்போதும் டிக் பண்ணினேன்! சரியான வரிசை வேறு: கால அட்டவணை, செலவு, தரம், ரிஸ்க் எல்லாவற்றிலும் அது என்ன பண்ணும் என்று முதலில் பார், சேஞ்ச் ரிக்வெஸ்ட், அதாவது மாற்றம் கேட்கும் விண்ணப்பம் எழுது, முடிவெடுக்க வேண்டியவர்களிடம் கொண்டு போ, ஒப்புதல் வந்தால் திட்டத்தைத் திருத்து, அதற்கப்புறம்தான் வேலை. நான்கு விடைகளும் சரி மாதிரியே இருக்கும். வரிசையில் எது முன்னால் வருகிறதோ அதுதான் விடை.

ஸ்கோப், அதாவது என்னென்ன செய்ய வேண்டும் என்ற எல்லை, தெளிவாகாமல் வேலையில் இறங்குவது சின்ன ஆட்களின் தப்பு மட்டுமில்லை. சிட்னி ஓபரா ஹவுஸை எடுத்துக்கொள். கூரையை எப்படிக் கட்டுவது என்று முடிவாகும் முன்பே 1959-இல் அடித்தளத்தை ஆரம்பித்துவிட்டார்கள். கூரையின் எடை தெரிந்தபோது, போட்ட தூண்களையே மாற்றிக் கட்ட வேண்டியதாயிற்று. 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் என்று போட்ட கணக்கு 10.2 கோடியில் வந்து நின்றது. 1963-இல் முடிய வேண்டியது, திறப்பு விழா 1973-இல். கட்டடம் அழகுதான், அதை மறுக்கவில்லை.

அடுத்து கிரிட்டிகல் பாத். மண்டையில் ஏறவில்லை என்று எழுதியிருந்தாய். ஃபார்முலாவை மூடிவை. வேலை 'அ' 4 நாள். அது முடிந்ததும் 'ஆ' 6 நாள், 'இ' 3 நாள், இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. இரண்டும் முடிந்தபின் 'ஈ' 2 நாள். 'ஆ' வழியாகப் போனால் 12 நாள், 'இ' வழியாகப் போனால் 9. நீளமான பாதைதான் கிரிட்டிகல் பாத், ப்ராஜெக்ட் 12 நாள். 'இ' மூன்று நாள் வரை தாமதமானாலும் யாருக்கும் நஷ்டமில்லை, அதுதான் ஃப்ளோட். இது எல்லோருக்கும் புரியும். இப்போது கூடுதல் ஆள் போட்டு 'ஆ'வை 6-இலிருந்து 2 நாளாகக் குறைக்கிறாய். நான்கு நாள் மிச்சம் என்றுதானே நினைப்பாய்? மூன்றுதான். 'ஆ' பாதை 8 ஆகிவிட்டது, 'இ' பாதை 9-இலேயே நிற்கிறது, கிரிட்டிகல் பாத் அந்தப் பக்கம் தாவிவிட்டது. நான்காவது நாளுக்குக் கொடுத்த காசு வீண். இதைக் காகிதத்தில் நீயே ஒரு தடவை போட்டுப் பார், மறக்காது.

ஏர்ன்ட் வேல்யூவுக்கும், அதாவது முடிந்த வேலைக்குப் பட்ஜெட்படி என்ன மதிப்பு என்பதற்கும், ஒரே ஒரு கணக்கு போதும். பத்து மாத ப்ராஜெக்ட், மாதத்துக்குப் பத்து லட்சம் வீதம் பட்ஜெட் 100 லட்சம். ஐந்தாம் மாத முடிவில் திட்டப்படி 50 லட்சத்துக்கு வேலை முடிந்திருக்க வேண்டும், செலவும் 50 லட்சம். "கணக்கு கச்சிதம்" என்பார் மேலதிகாரி. ஆனால் முடிந்த வேலையின் மதிப்பு 40 லட்சம்தான். 40-ஐ 50-ஆல் வகுத்தால் 0.8. செலவிலும் பின்தங்கல், வேகத்திலும் பின்தங்கல். இதே போக்கில் போனால் 100-ஐ 0.8-ஆல் வகுத்து, 125 லட்சம் ஆகும். செய்த வேலையைச் சொல்லாமல் செலவை மட்டும் சொன்னால் அது பாதிக் கணக்கு.

ரிஸ்க்கையும் இஷ்யூவையும் நீ குழப்பிக்கொள்கிறாய் என்று தோன்றுகிறது. நடக்கலாம் என்றால் ரிஸ்க், நடந்துவிட்டால் இஷ்யூ. முன்பே எதிர்பார்த்த ரிஸ்க் நடந்துவிட்டது என்று கேள்வி வந்தால் கூட்டம் போட ஓடாதே. அதற்கென்று முன்பே எழுதிவைத்த திட்டத்தை எடு. அஜைல், அதாவது வேலையைச் சின்னச் சின்னச் சுற்றாக முடித்துக் காட்டும் முறை பற்றிய கேள்விகள் உனக்குத் தண்ணி பட்ட பாடு, அதை விட்டுவிடுகிறேன்.

நான் எழுதியபோது 180 கேள்வி, 230 நிமிடம், நடுவில் பத்துப் பத்து நிமிடமாக இரண்டு இடைவேளை. இடைவேளைக்குப் போனால் முந்தைய பகுதிக்குத் திரும்ப முடியாது. பாடத்திட்டத்தை அவ்வப்போது மாற்றுவார்கள், அதனால் பணம் கட்டும் முன் தேர்வில் என்னென்ன வரும் என்று சொல்லும் இப்போதைய எக்ஸாம் அவுட்லைனைப் படித்துவிடு. பழைய கேள்வித் தொகுப்பு எவனாவது இலவசமாகக் கொடுத்தால் வாங்காதே.

மதிப்பெண்ணை எண்ணுவதை நிறுத்திவிட்டு ஒரு நோட்டு போடு. தப்பாகப் போட்ட கேள்வி, நீ போட்ட விடை, ஏன் போட்டாய், இந்த மூன்றும் மட்டும். என் நோட்டில் பாதிக்கு மேல் ஒரே காரணம்தான் இருந்தது: "ஆபீஸில் இப்படித்தான் செய்வோம்."

உன் நோட்டிலிருந்து பத்துக் கேள்விகளை அடுத்த கடிதத்தில் அனுப்பு. சரியாகப் போட்டதெல்லாம் எனக்கு வேண்டாம். எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக எழுது, கண்ணாடி விஷயம்தான் சொன்னேனே.

என்றும் உன்,
பழைய பெஞ்சுக்காரன்