மாடிப்படி பாக்ஸுக்கு ஒரு மூடி வேணும்

ஆசிரியருக்கு வணக்கம். எங்க அபார்ட்மெண்ட் மாடிப்படிக்கு அடியில ஒரு இன்டர்நெட் ஃபைபர் பாக்ஸ் இருக்கு, உள்ள ஒரு லைனை எட்டா பிரிக்கற 1:8 ஸ்ப்ளிட்டர், எட்டு வீட்டு லைனும் அதுல இருந்துதான் போகுது. மூடி எங்கயோ போயிடுச்சு, பல்லி குடித்தனமே நடத்துது.

போன மாசம் நாலு நாள் நெட் இல்ல, மோடத்துல சிவப்பு லைட். கடைசியா வந்த தம்பி பாத்தா, மிச்ச ஒயரை சின்னதா சுருட்டி டேக் போட்டு இறுக்கி வெச்சிருக்காங்க. இது காப்பர் இல்லீங்க, உள்ள 125 மைக்ரான் கண்ணாடி இழை, கிட்டத்தட்ட தலைமுடி பருமன்தான், அதை இறுக்கி வளைச்சா வெளிச்சம் வளைவுலயே கசிஞ்சுடும், ஒயர் அறுந்திருக்காது ஆனா சிக்னல் போய் சேராது. அவர் டேக்கை வெட்டி பெரிய வட்டமா சுத்தி விட்டாரு, வெளிச்சம் எவ்ளோ வருதுன்னு காட்டற மீட்டர்ல மைனஸ் 29 காட்டினது மைனஸ் 21 ஆச்சு (மைனஸ் குறைஞ்சா சிக்னல் கூடுதுன்னு அர்த்தம்), லைட்டும் பச்சை. அஞ்சு நிமிஷ வேலை!

லைன் குடுக்கறவங்க ஒயரை லூசா சுத்தி மூடி போட்டுட்டு போங்க. புதுசா வீடு கட்டறவங்க கரண்ட் பைப்போட இதுக்கும் தனியா ஒரு பைப் விட்டுடுங்க, இப்ப எங்க வீட்டுக்கு ஜன்னல் வழியாத்தான் ஒயர் வருது, கொசு வலையை ஓட்டை போட்டு.

- ஒரு வாசகர், மதுரை