சின்னவளின் பிள்ளைக்கு ஒரு விரிப்பு

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. உடனே பதில் போடாதது தப்புதான். கொஞ்ச நாளாக வேலை முடிந்து வந்ததும் ஊசியும் நூலுமாக உட்கார்ந்துவிடுகிறேன்.

எதிர்வீட்டு நோன்யா பாட்டிதான் சொல்லித் தருகிறார். மலாய்ப் பழக்கவழக்கங்களோடு கலந்துபோன பழைய சீனக் குடும்பங்களை இங்கே சிங்கப்பூரில் பெரனாக்கான் என்பார்கள், அவர்கள் வீட்டுப் பெண்தான் நோன்யா. வாசலில் செருப்பை அளவு பார்த்து அடுக்கி வைப்பாரே, அவரேதான். கடுகைவிடச் சின்னக் கண்ணாடி மணிகளை ஒவ்வொன்றாகத் தைத்துச் செருப்பு செய்வது அவர்கள் வழக்கம். 'காசுட் மானெக்' என்பார்கள். ஆர்மேனியன் தெருவில் உள்ள பெரனாக்கான் அரும்பொருளகத்துக்கு அதைக் காட்டவே கூட்டிப்போனார். குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் இலவசம். என் டிக்கெட்டை அவரே எடுத்துவிட்டார்.

மணி கோப்பது அப்புறம், முதலில் தையல் படியட்டும் என்றார். ஆறிழை நூலில் இரண்டை உருவி, வளையத்தில் துணியை விறைப்பாக மாட்டி, ஓட்டுத்தையலும் காம்புத்தையலும் பழகினேன். சங்கிலித்தையல் மட்டும் தானாகவே வந்துவிட்டது. தலையணை உறையில் நீ போட்டதைப் பார்த்து வளர்ந்தவள்தானே. பாட்டி துணியைத் திருப்பிப் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்தார். ஒரு முடிச்சு இல்லை. "யார் கற்றுக்கொடுத்தது?" என்றார். "அம்மா" என்றேன். தொண்டை அடைத்துக்கொண்டது.

ஆற்றோரம் ஆசிய நாகரிக அரும்பொருளகத்தில் நம் சோழமண்டலக் கரையிலிருந்து அந்தக் காலத்தில் கப்பலேறிய பருத்தித் துணி வைத்திருந்தார்கள். சாயவேர்ச் சிவப்பு, இன்னும் வெளுக்கவில்லை. இந்தோனேசியத் தீவுகளில் அதைத் தலைமுறை தலைமுறையாகப் பூட்டி வைத்து விசேஷத்துக்கு மட்டும் எடுப்பார்களாம். நம் பக்கத்து மணலில் தோண்டிய வேர் அம்மா! அங்கிருந்து நகரவே மனம் வரவில்லை. அதிலிருந்த பூக்கொடியைக் காகிதத்தில் வரைந்து வந்து, சின்னவள் பிள்ளைக்கு விரிப்பில் போடுகிறேன். ஓரம் மடித்துத் தைப்பதுதான் பாக்கி.

சாப்பாட்டுக்குக் குறை இல்லை. தேக்கா சந்தையில் முருங்கைக்கீரைகூடக் கிடைக்கிறது. ராத்திரிக்கு ரொட்டி போதும் என்று நானேதான் வைத்துக்கொண்டேன், உடம்புக்கு நல்லது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் நம் வீட்டு மீன்குழம்பு வாசனை எங்கிருந்தோ வருகிறது. ஜன்னலை மூடிவிடுவேன்.

சரி, இந்த மாதப் பணம் பத்தாம் தேதிக்கு மேல்தான் வரும். வேறொன்றும் இல்லை, கவலைப்படாதே. பெரியப்பாவிடம் கைமாற்று கேட்காதே. அடகில் இருக்கும் உன் வளையலுக்கு வட்டியைக் கட்டிப் புதுப்பித்து வை, தீபாவளிக்குள் மீட்டுவிடலாம். சின்னவளுக்கு வளைகாப்பு ஏழாம் மாதமா, ஒன்பதாம் மாதமா? தேதி தெரிந்தால் கீழவீட்டு அண்ணனிடம் விரிப்பைக் கொடுத்தனுப்புவேன். அப்பா கண்ணுக்கு மருந்து விடுகிறாரா? மழைக்கு முன்னால் கொல்லைப்புறத்துக் கூரை ஓடுகளை மாற்றச் சொல்லித் தம்பியிடம் கண்டிப்பாகச் சொல்.

உன் பெரியவள்